செடிய அழ வைக்காதடா பேராண்டி

ஏண்டா பேராண்டி, செம்பாக்கம் ஏரிக்கரையில விடியக்காலையில குப்புறப் படுத்துக் கிடந்தது நீதானாமே? பால்காரர் வந்து சொல்றார். மயக்கம் போட்டு விழுந்துட்டியோன்னு தண்ணி தெளிக்க ஓடி வந்தாராம். "கிட்ட வராதீங்கண்ணே, சொட்டு விழுந்துடும்"னு கத்தினியாம். என்ன சொட்டுன்னு கேட்டதுக்கு, மூக்குத்திப்பூ மேல பனித்துளின்னியாம். இந்நேரம் அவர் பால் ஊத்துற வீட்டுக்கெல்லாம் சேதி போயிருக்கும். உனக்குப் பொண்ணு பாக்குறது இனிமே கொஞ்சம் கஷ்டந்தான்.

தண்ணி நமக்கு என்ன புதுசாடா? 2015 டிசம்பர்ல ஒரே நாள்ல தாம்பரத்துல 49 சென்டிமீட்டர் கொட்டுச்சு. முடிச்சூர்லயும் வரதராஜபுரத்துலயும் சனங்கள படகுல ஏத்தி இறக்குனாங்க. 2019 கோடையில ஏரியெல்லாம் வறண்டு, லாரி எப்ப வரும்னு ஊரே குடத்தோட காத்துக் கிடந்துச்சு. வந்தா வெள்ளம், வராட்டி லாரி. நடுவுல ஒரே ஒரு சொட்டுக்காக மாசத் தவணையில லென்ஸ் வாங்குன மகராசன் நீதான்.

சரி, இறங்கிட்ட. ஒழுங்கா செய். அன்னிக்கு நீ காட்டுன படத்தப் பாத்தேன். செம்பருத்தி இதழ்ல குண்டு குண்டா சொட்டு. எப்ப எடுத்தேன்னு கேட்டா மத்தியானங்கிற. மத்தியான வெயில்ல ஏதுடா பனி? அப்பத்தான் உன் பையிலேருந்து பீச்சுற பாட்டில் எட்டிப் பாத்துச்சு. தண்ணியில கிளிசரின் கலந்து அடிச்சா சொட்டு சீக்கிரம் காயாது, உருண்டு நிக்கும்னு எனக்கே பாடம் நடத்துற. தெரியும்டா. சினிமாவுல கதாநாயகி அழுறதுக்கு வெச்சிருக்குற சாமான் அது. செடி என்னடா பாவம் பண்ணுச்சு, அத எதுக்கு அழ வைக்கிற? பூவுல தண்ணி தெளிச்சு இப்பத்தான் பறிச்ச மாதிரி காட்டுற வித்தைய மார்க்கெட்டுப் பூக்காரம்மா உனக்கு முன்னாடியே செய்யுது. கேமராவும் இல்ல, தவணையும் இல்ல. முழம் போட்டு வித்துட்டு வீட்டுக்குப் போயிடுது. தெளிக்கிறது தப்புன்னு சொல்லல. ஊசிக்குழாய்ல சொட்டு வெச்சுப் படம் எடுக்குற ஆளுங்க உலகம் பூரா இருக்காங்களாம். நீயும் எடு. படத்துக்குக் கீழ "மார்கழிப் பனி"ன்னு மட்டும் எழுதாத.

நெஜப் பனி வேணும்னா ராத்திரியே வானத்தப் பாத்துட்டுப் படு. மார்கழி, தை. மேகம் வெளிவாங்கியிருக்கணும், காத்து அசையக் கூடாது. அப்பத்தான் இலையில இருக்குற சூடு மேல போயி இலை சில்லுனு ஆகும், காத்துல இருக்குற ஈரம் அதுமேல படியும். மூட்டம் போட்டிருந்தா போர்வைய இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்கு. போகி அன்னிக்கும் தூங்கு. 2018 போகியில பழைய பாயையும் டயரையும் கொளுத்துன புகையில மீனம்பாக்கத்துல விமானமே இறங்க முடியாம வேற ஊருக்குத் திரும்பிப் போச்சு. உன் லென்ஸுக்கு என்ன தெரியப் போகுது?

இன்னொண்ணு. நீ பனின்னு பேர் வெச்சு மாட்டியிருக்குற படத்துல பாதி பனியே இல்ல. நாத்தங்கால்ல எத்தன வருசம் நின்னிருக்கேன், எனக்குத் தெரியாதா? நெல்லு நாத்து நுனியில விடியக்காலையில நிக்கிற சொட்டு வானத்துலேருந்து வந்ததில்ல, வேர்லேருந்து வந்தது. நிலம் ஈரமா இருந்தா ராத்திரியிலயும் வேர் தண்ணிய மேல தள்ளிக்கிட்டே இருக்கும். இலையோட மூச்சுத் துவாரமெல்லாம் மூடிக் கிடக்கும், ஆவியா போக வழியில்ல. நுனியிலயும் ஓரத்துலயும் இருக்குற பொடித் துவாரம் வழியா கசிஞ்சு சொட்டா நிக்கும். சேம்பு இலை நுனியப் பாரு, அருகம்புல்லப் பாரு. பனி இலை முழுக்கப் பொடிப்பொடியா பூக்கும். இது ஓரத்துல மட்டும் அளந்து வெச்சாப்ல உக்காந்திருக்கும். இதுக்கு வானம் வெளிவாங்கணும்னு கட்டாயமில்ல. மூட்டம் போட்ட காலையிலயும் சேம்புகிட்டப் போய்ப் பாக்கலாம். இத உன் யூடியூப் வாத்தியார் சொல்லித் தரலியா?

அந்த வாத்தியார் சொட்டுக்குள்ள பூ தெரியுற மாதிரி படம் எடுத்தத வாயைப் பொளந்துக்கிட்டுப் பாத்த இல்ல? திருவள்ளுவமாலையில கபிலர் பேர்ல ஒரு வெண்பா இருக்கு. தினையவிடச் சின்னதா புல்லுல நிக்கிற தண்ணிக்குள்ள உசந்த பனைமரம் தெரியும், குறளுக்குள்ளயும் பெரிய பொருள் அப்படித்தான் தெரியும்ங்கிறார். அந்த மனுசனும் விடியக்காலையில எங்கேயோ ஏரிக்கரையில குனிஞ்சு நின்னிருக்கணும். அன்னிக்குப் பால்காரர் இல்லாதது அவரோட நல்ல நேரம்.

ஆனா பனை எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு பாட்டுல இல்ல. அதுலதான் சூட்சுமம். சொட்டுக்குப் பின்னால ஒரு சாமந்தியப் பிடி, உள்ள அது தலைகீழா நிக்கும். சொட்டே லென்ஸா வேலை பாக்குது. உன் முதுகுப் பக்கம் இருக்குற மரமோ சொட்டோட முன்தோல்ல குட்டியா, நேரா தெரியும். பஸ் டிரைவர் பக்கத்துல புடைச்ச கண்ணாடி இருக்கும் பாரு, அது மாதிரி. கபிலர் பாத்த பனை நேரா நின்னுச்சா தலைகீழா நின்னுச்சான்னு புலவருங்க அடிச்சுக்கட்டும். நீ ஃபோகஸ சொட்டு மேல வைக்காத, உள்ள தெரியுற பூ மேல வை. ரெண்டும் ஒரே இடத்துல இல்ல. மில்லிமீட்டர் நகந்தாலும் மங்கிடும், மூச்ச அடக்கிக்கோ. பனையத்தான் எங்க போய்த் தேடுவியோ. நம்ம பக்கத்துச் சொட்டுக்குள்ள அடுக்குமாடிதான் தெரியும், அதுவும் "வீடு விற்பனைக்கு"ங்கிற போர்டோட.

லென்ஸுக்கு இவ்வளவு கொட்டணுமான்னு ஸ்டுடியோக்காரரக் கேட்டேன். பழைய 50 மில்லிமீட்டர் லென்ஸ ஒரு வளையம் போட்டுத் திருப்பி மாட்டுனாலே எறும்பு மீசை தெரியுமாம். சொல்லலாமான்னு யோசிச்சேன், நீ தவணை கட்ட ஆரம்பிச்சுட்ட.

உன்ன மட்டும் கேலி பண்ணல. அமெரிக்காவுல வெர்மான்ட் பக்கம் வில்சன் பென்ட்லின்னு ஒரு விவசாயி இருந்தார். மாடு கன்னு வெச்சிருந்த ஆளு. 1885ல மைக்ராஸ்கோப்ப கேமராவுல பூட்டி ஒரு பனிப்படிகத்தப் படம் எடுத்தார். அப்புறம் ஆயுசுக்கும் 5,000க்கு மேல எடுத்துத் தள்ளிட்டார். இலையில நிக்கிற பனித்துளியையும் விடல. மழையில மாவுத் தட்ட நீட்டி, துளி விழுந்து உருண்ட மாவ அளந்து, துளியோட பருமன் இவ்வளவுன்னு 1904ல கட்டுரை எழுதினார். அக்கம்பக்கத்துல இருந்தவங்களுக்கு அவர் ஒரு மாதிரியான ஆளாத்தான் தெரிஞ்சாராம். அவரும் கடைசி வரைக்கும் கல்யாணம் பண்ணிக்கல, அதையும் சொல்லிட்டேன்.

புல்லுல படுக்குறதுக்கு முன்னாடி கம்பால நாலு தட்டு தட்டு. கட்டுவிரியனுக்கு உன் கலை புரியாது. சேலையூர்ப் பக்கம் விமானப்படை மதிலோரமா எவ்வளவு அழகான பூ இருந்தாலும் கேமராவ வெளிய எடுக்காத. அந்தக் காவல்காரர்கிட்ட "சொட்டு எடுக்குறேன் சார்"னு சொல்லி நான் வந்து மீட்க முடியாது.

நாளைக்குக் கோலத்துல வைக்க உன் பாட்டி பூசணிப்பூ பறிக்கப் போறா. நீ படம் எடுத்து முடிக்கிற வரைக்கும் பறிக்காதேன்னு சொல்லி வெச்சிருக்கேன். அஞ்சரைக்கு வந்து சேரு. அந்தப் பீச்சுற பாட்டில எடுத்துட்டு வராத, அவ கண்ணுல பட்டா கத்திரிச்செடிக்கு வேப்பெண்ணெய் அடிக்கப் புடுங்கி வெச்சுக்குவா.