உறைக்குள் உறை

உ

மாஹிம், மும்பை
ஜூலை மாதம், நாலாவது நாளாக மழை

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தையின் முழங்காலும், சினையாயிருந்த வெள்ளாடும் சுகம்தானே?

போன மாதம் நீங்கள் ஃபோனில் கேட்ட கேள்விக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். அன்றைக்கு நான் அந்தேரியிலிருந்து வரும் மாலை நேர லோக்கலில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தேன். லைன் கரகரவென்றது. நீங்கள் "நம்ம நகைக்கடை அண்ணாச்சியோட ரிவால்வருக்கு" என்று ஆரம்பிக்க, நான் "என்னது, ரிவால்வரா?" என்று கத்திவிட்டேன். தமிழில் எவ்வளவு கத்தினாலும் இந்த ஊரில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் ரிவால்வர் என்கிற சொல் மராத்தியிலும் ரிவால்வர்தான், குஜராத்தியிலும் ரிவால்வர்தான். மூன்று பேர் இடத்தில் நாலு பேர் நெருக்கி உட்கார்ந்திருந்த பெஞ்சிலிருந்து மூன்று பேர் எழுந்துவிட்டார்கள். பன்னிரண்டு வருஷத்தில் மாலை வண்டியில் எனக்கு ஜன்னலோரம் கிடைத்தது அன்றைக்கு ஒரு நாள்தான். ஆனாலும் பாந்த்ராவில் போலீஸ் ஏறிவிடுமோ என்று வயிறு கலங்கியதில் காற்றை அனுபவிக்க முடியவில்லை. அதனால்தான் இந்த விஷயத்துக்கு மட்டும் காகிதமும் பேனாவும். ரிவால்வர் உறையைப் பற்றி உறைக்குள் போட்டு எழுதுவதுதான் உத்தமம்.

ஆச்சி இன்னமும் "பேரன் வெளிநாட்டில் இருக்கான்" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. திருத்த வேண்டாம். மாஹிம் ஸ்டேஷன் பாலத்தில் ஏறி மேற்கே இறங்கினால் வெளிநாடுதான். டீ கேட்பதற்குள் மூன்று பாஷை மாற வேண்டும். கிழக்கே இறங்கினால் தாராவி. "ஏலே, எங்கலே போற?" என்று திருநெல்வேலி வந்து தோளில் கை போடும். நடுவில் சுங்கச் சாவடி மட்டும்தான் பாக்கி. அல்வாகூட மேற்கே வேறு. நம்ம ஊர் அல்வா இலையில் விழுந்தால் வழுக்கும். மாஹிம் அல்வா என்பது மெல்லிய தகடு. காகிதத்தில் ஒன்று, காகிதத்தில் ஒன்று என்று அடுக்கித் தருகிறார்கள். முதல் தடவை பார்த்தபோது செருப்புக்கு உள்ளே வைக்கிற அட்டை என்று நினைத்தேன். ருசி நன்றாகவே இருக்கும். ஆனால் அத்தையிடம் சொல்லிவிடாதீர்கள்.

சரி, கேள்விக்கு வருகிறேன். அண்ணாச்சியின் துப்பாக்கிக்கு உறை தோலில் வாங்குவதா, பிளாஸ்டிக்கிலா? தோல் என்றால் தாராவி, தாராவி என்றால் மருமகன் என்று என்னிடம் கேட்டுவிட்டீர்கள். நான் கணக்கு எழுதுகிறவன். துப்பாக்கியை ரூபாய் நோட்டுக் கட்டு ஏற்றும் வண்டிக்காரர்களிடம் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. இருந்தாலும் மாமா கேட்டாயிற்றே என்று ஒரு மாதம் அலைந்தேன்.

முதலில் பிளாஸ்டிக். ஒரு ஞாயிறு மழையில் நனைந்துகொண்டு ஹார்பர் லைன் வண்டியில் கிராஃபோர்டு மார்க்கெட் பக்கம் போனேன். போலீஸ், செக்யூரிட்டி சீருடை விற்கிற கடை. கடைக்காரர் கறுப்பாக, ஆமை ஓடு மாதிரி ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். கைடெக்ஸ் என்கிற பிளாஸ்டிக் தகடாம். அமெரிக்காவில் 1960-களில் ஆகாய விமானத்தின் உட்புறத்துக்காகக் கண்டுபிடித்தது. சூடாக்கினால் சுடாத அப்பளம் மாதிரி துவளும். துப்பாக்கியின் மேல் போட்டு அழுத்தினால், ஆறும்போது அதன் வளைவு நெளிவையெல்லாம் அப்படியே பிடித்துக்கொண்டு விறைத்துவிடும். செருகினால் 'டக்' என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு தலைகீழாகப் பிடித்தாலும் விழாது. துப்பாக்கியை வெளியே எடுத்த பிறகும் வாய் அப்படியே திறந்திருக்கும், அதனால் ஒரு கையாலேயே திரும்பப் போடலாம். மழையில் நனைந்தால் துடைத்தால் போச்சு. குறை என்னவென்றால், போட்டு எடுக்கப் போட்டு எடுக்கத் துப்பாக்கியின் மெருகு தேயும். உள்ளே மணல் போய்விட்டால் உப்புத்தாள்தான்.

எனக்கு மனசு பிளாஸ்டிக் பக்கம் சாய்ந்துவிட்டது. அப்போதுதான் அவர், என்ன துப்பாக்கி என்றார். கான்பூர் ஆயுதத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர் என்றேன். ஆமை ஓட்டைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டார். இருக்கிற அச்செல்லாம் 9 எம்.எம். பிஸ்டலுக்காம். அது படைகளுக்கும் போலீஸுக்கும் உரியது. அண்ணாச்சி மாதிரி பொதுமக்களுக்கு லைசென்ஸில் கிடைக்காத ரகம். பிஸ்டல் செங்கல் மாதிரி சப்பை. ரிவால்வருக்கு நடுவில் தொப்பை. சப்பையானவனுக்கு எடுத்த அளவு தொப்பைக்காரனுக்கு எப்படிப் பொருந்தும்? "துப்பாக்கியைக் கொண்டு வாருங்கள், அளவெடுத்துச் செய்யலாம்" என்றார். சொல்லை மட்டும் ரயிலில் கொண்டு வந்ததற்கே நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும் என்று கும்பிட்டுவிட்டு இறங்கினேன்.

அடுத்து தோல். தாராவியில் நம்ம ஜில்லாக்காரர் ஒருவருடைய பட்டறை. மாடியில் ஏழடிக்குப் பத்தடி. அவருடைய தாத்தா காலத்தில் இங்கே தோல் பதனிடும் ஷாப்புகள் இருந்தன. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே திருநெல்வேலிச் சீமையிலிருந்து முதலாளியாகச் சிலரும் தொட்டியில் இறங்குகிறவர்களாகப் பலரும் வந்து சேர்ந்தார்கள். அன்றைக்குக் கசாப்புக்கூடம் பாந்த்ராவில் இருந்தது. ஈரத்தோல் பக்கத்திலேயே வந்து இறங்கும். 1971-இல் அதைத் தேவ்னாருக்கு மாற்றினார்கள். அப்புறம் பதனிடும் வேலையும் மெல்ல மெல்ல வெளியூர் போய்விட்டது. வெட்டுவது, தைப்பது, மெருகேற்றுவது, விற்பது மட்டும் இங்கே நிற்கிறது. இந்த உறைக்கு அவர் எடுத்து விரித்த தோலே தமிழ்நாட்டில் பதனிட்டு வந்ததுதான். நம்ம ஊரில் ஊறி, மும்பையில் உறையாகி, திரும்ப நெல்லைக்கு வரப்போகிறது. என்னைவிட அதற்கு யோகம்.

அவர் வேலை செய்வதைப் பார்க்கவேண்டும் மாமா. ஆயுள் முழுக்கத் துப்பாக்கி உறை தைத்தவர் நிஜத் துப்பாக்கியைத் தொட்டது கிடையாதாம். ஆசாரி கடைந்து கொடுத்த மரத் துப்பாக்கிகள் பழைய டால்டா டின்னில் கரண்டி மாதிரி நிற்கின்றன. நம்ம தொப்பைக்காரனும் அதில் உண்டு. தைத்த தோலைத் தண்ணீரில் முக்கி எடுத்து, உள்ளே மரத்தைச் செருகி, கட்டை விரலாலும் எலும்புத் துண்டாலும் அழுத்தி அழுத்தித் தேய்க்கிறார். கொஞ்ச நேரத்தில் தோலுக்கு அடியிலிருந்து உருளை புடைத்து எழுகிறது, குழல் நீள்கிறது, விசை வளையம் தெரிகிறது. நிழலில் காய்ந்தால் அப்படியே நிற்கும். "குரோம் போட்ட தோல் இதற்கு ஆகாது, துணி மாதிரி தொளதொளக்கும், பிடித்த வடிவம் நிற்காது. பட்டையில், கடுக்காயில் பதனிட்ட தோல்தான் சொன்ன பேச்சுக் கேட்கும்" என்றார். பேசிக்கொண்டே வாய்ப்பக்கத்தில் இன்னொரு பட்டையை வைத்து மெழுகு நூலால் இரட்டைத் தையல் போட்டார். அந்தப் பட்டை இல்லாவிட்டால் நாளாக நாளாக வாய் தொய்ந்து உள்ளே மடங்கும். துப்பாக்கியைத் திரும்பச் செருகும்போது அந்த மடிப்பு விசையில் சிக்கினால், யாரும் சுடாமலே வெடிக்கும்.

இதைக் கேட்டவுடன் உங்கள் பழைய போலீஸ் சர்வீஸ் உறை ஞாபகம் வந்தது. அத்தை பாக்குவெட்டி போட்டு வைத்திருக்கிறாளே, அது. வாய் தொய்ந்த உறைக்கு அதுதான் சரியான பதவி. அப்படியே இருக்கட்டும்.

"தோலா, பிளாஸ்டிக்கா என்று மாமா கேட்கிறார்" என்றேன். அவர் சிரித்தார். "இந்த ராஜ்யத்தில் 2015-இல் காளைமாட்டை வெட்டக்கூடாது என்று சட்டம் வந்தது. பசுவுக்கு அதற்கு முன்னாலேயே தடை. தோல்காரனான நான் எருமையையும் ஆட்டையும் நம்பினேன். 2018-இல் பிளாஸ்டிக் பைக்குத் தடை. பையன் கேரி பேக் கடை வைத்திருந்தான், மூடினான். ஒரே வீட்டில் இரண்டையும் பார்த்துவிட்டோம்." கைடெக்ஸுக்கு அந்தத் தடை பொருந்தாது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

மாதிரிக்கு, பொருந்தாவிட்டாலும் போகட்டும் என்று அந்தப் பிஸ்டலுக்கான பிளாஸ்டிக் உறையையும், ஒரு தோல் உறையையும் வீட்டுக்குக் கொண்டுவந்து பத்து நாள் சோதித்தேன். மரத் துப்பாக்கியைக்கூட வெளியே எடுத்துப் போகத் தைரியம் இல்லாததால் உள்ளே சீப்பும் சில்லறையும் போட்டு, சட்டைக்குள் செருகிக்கொண்டு ஆபீஸ் போனேன். பிளாஸ்டிக், ரயில் கூட்டத்தில் விலா எலும்பில் இடித்தது. நடந்தால் சில்லறை உண்டியல் மாதிரி குலுங்கியது. தோல் உடம்போடு ஒட்டிக்கொண்டது, சத்தமே இல்லை. முதல் இரண்டு நாள் புதுச்செருப்பு மாதிரி 'கிறீச்' என்றது, அவ்வளவுதான். ஆனால் வியர்வையையெல்லாம் குடித்துவிட்டது. ஆணியில் மாட்டி ஒரு வாரம் மறந்துவிட்டேன். மாஹிம் கடற்காற்றும் மழையும் சேர்ந்து அதற்கு வெள்ளையாகப் பூஞ்சை பூசிவிட்டன. பட்டை திருநீறு போட்ட பக்தர் மாதிரி தொங்கியது. பட்டறைக்காரரிடம் காட்டினால், "மழைக்காலத்தில் மெழுகு தடவாதவன் தோல் வைத்துக்கொள்ளக்கூடாது" என்று எனக்குத்தான் திட்டு.

அண்ணாச்சி உறையின்மேல் முருகன் வேல் பொறிக்கச் சொன்னார் என்றீர்கள். 2016-ஆம் வருஷ ஆயுத விதிகளின்படி பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உறையிலோ பையிலோ போட்டு முழுக்க மறைத்துத்தான் எடுத்துப் போகவேண்டும். சட்டைக்குள் இருக்கிற வேலை முருகன் மட்டும்தான் பார்ப்பார். தேர்தல் வந்தால் துப்பாக்கி ஸ்டேஷனுக்குப் போய்விடும், உறை மட்டும் வீட்டில் இருக்கும் என்பது என்னைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும்.

இன்னொன்று சொல்கிறேன், ரிட்டயர்டு ஏட்டையாவான உங்களுக்குப் பிடிக்கும். இங்கே மாஹிம் தர்கா இருக்கிறது. 1431-இல் காலமான மக்தூம் அலி மாஹிமி அடக்கமான இடம். டிசம்பரில் உருஸ் நடக்கும்போது முதல் சந்தனம் மும்பை போலீஸாருடையது. ஸ்டேஷனிலிருந்து மேளதாளத்தோடு, காக்கிச் சட்டையில் தட்டு ஏந்திப் போவார்கள். போன டிசம்பரில் கூட்டத்தில் என் பக்கத்தில் நின்ற ஒருவர் இடுப்பில் பழைய தோல் உறை, ஓரமெல்லாம் தேய்ந்து பளபளத்தது. இதை எத்தனை தடவை திறந்திருப்பீர்கள் என்று இந்தியில் கேட்டேன். "துடைப்பதற்கு, தினமும். மற்றதற்கு, இன்னும் இல்லை" என்றவர் தர்கா பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டார்.

அந்தக் கும்பிடுதான் எனக்கு முடிவு சொன்னது. அண்ணாச்சியும் ஆயுசுக்கும் அதை வெளியே எடுக்காமல் இருக்கவேண்டும் என்றுதானே நாம் வேண்டிக்கொள்கிறோம். கடையிலிருந்து வீடு வரை தெரியாமல், சத்தமில்லாமல், குத்தாமல் கூட வந்தால் போதும். தோலே ஆகட்டும்.

உறை பார்சலில் வருகிறது. மரத்தில் பிடித்த வடிவம்தான். கொஞ்சம் இறுக்கமாக இருக்கும். முதலில் குண்டுகளை எடுத்துவிடச் சொல்லுங்கள். உருளையைத் திறந்து நீங்களே எண்ணிப் பாருங்கள், அண்ணாச்சி சொல்வதை நம்பவேண்டாம். பிறகு துப்பாக்கியைப் பிளாஸ்டிக் காகிதத்தில் சுற்றி (பார்த்தீர்களா, அதற்கும் ஒரு வேலை வந்துவிட்டது), ஈரத்துணியால் துடைத்த உறைக்குள் செருகி, விரலால் அழுத்தி நிழலில் காயவிடவும். வெயிலில் போட்டால் கருவாடு. வீட்டில் இருக்கும்போது துப்பாக்கி உறைக்குள்ளேயே உறங்கக்கூடாது. தோல் ஈரம் பிடிக்கும், இரும்பு துருப்பிடிக்கும், தோட்டாவின் பித்தளை பச்சை பூக்கும்.

அதே பார்சலில் அத்தைக்கு மாஹிம் அல்வா அரைக் கிலோ. இரண்டையும் தனித்தனியாகச் சுற்றித்தான் அனுப்புகிறேன். இருந்தாலும் அண்ணாச்சியிடம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை பிரித்துப் பார்த்துவிடுங்கள். தட்டையாக இருப்பது அல்வா. தொப்பை இருப்பது உறை.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்