கேட்காத வீடியோவுக்கு யார் பொறுப்பு?

கேள்வி: செராமிக் பொம்மைக்கு வண்ணம் பூசுவது எப்படி என்று யூடியூபில் தேடினேன். அடுத்தடுத்து வருவதெல்லாம் அரசியல் சண்டை. நான் எந்தக் கட்சியிலும் இல்லை. இதற்கு யார் பொறுப்பு?
– ஒரு வாசகர், விருத்தாசலம்

பதில்: முதல் பொறுப்பு யூடியூபுக்குத்தான். மக்கள் அதில் செலவிடும் நேரத்தில் 70 சதவீதத்துக்கும் மேல் பரிந்துரைகளால் வருவது என்று 2018-ல் அந்நிறுவனத்தின் உயரதிகாரி நீல் மோகனே சொன்னார். பிறர் போட்டதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்று இத்தகைய தளங்கள் ஒதுங்க, நம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-வது பிரிவு நிபந்தனைகளோடு இடம் தருகிறது. போட்டது யாரோதான், அதை உங்கள் முன் நீட்டியது யார்? மண் யாருடையதாக இருந்தாலும், சூளையில் அடுக்கியவர் விரிசலுக்குப் பதில் சொல்ல வேண்டாமா?

'விருப்பமில்லை' பொத்தானை நம்பாதீர்கள். வேண்டாத பரிந்துரைகளில் அது தடுத்தது 11 சதவீதம்தான் என்று மொசில்லா அமைப்பின் 2022 ஆய்வு கண்டது. 'இந்தச் சேனலைப் பரிந்துரைக்காதே' என்பதோ 43 சதவீதத்தைத் தடுத்தது. வாட்ச் ஹிஸ்டரியை நிறுத்தி, பழையதையும் அழித்துவிட்டால் முகப்பில் பரிந்துரையே வராது.

நம் நடத்தையை வேவு பார்க்காத பரிந்துரை முறை ஒன்றையாவது பெரிய தளங்கள் தரவேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் சட்டமே போட்டுவிட்டது. நமக்கும் அந்த உரிமை வேண்டும். கட்சிகள் கேட்காமலே உங்கள் போனுக்குள் வருகின்றன. அடுத்த தேர்தலில் அவர்கள் வாசலுக்கு வரும்போது, இந்த உரிமையை நீங்கள் கேளுங்கள்!