தோட்டா அங்கிள்

கேரி தீவில் இன்று புலி பார்க்க ஆசைப்பட்டால், சுங்கை பும்புனில் மாமெரி மக்கள் மரத்தில் செதுக்கும் சங்கிலிப் புலியைத்தான் பார்க்கலாம். யானை வேண்டுமென்றால் பிள்ளையார் கோயில். மற்றபடி செம்பனை, செம்பனைக்குள் காட்டுப்பன்றி. இப்படியொரு ஊரில் உட்கார்ந்துகொண்டு, யானைக்கும் காட்டெருமைக்கும் எந்த ரைபிள் தோட்டா தோது என்று இருபது வருஷமாக ஆராய்கிறவர் நம் தோட்டா அங்கிள். இந்த ஜாதி ஆட்களைக் கிள்ளானில் பார்த்திருக்கிறேன், பிரிக்பீல்ட்ஸிலும் பார்த்திருக்கிறேன். தீவுக்காரர்தான் அசல் சரக்கு.

அவரிடம் துப்பாக்கி கிடையாது. துப்பாக்கிக்குப் போலீஸ், வேட்டைக்கு வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் என்று இரண்டு லைசன்ஸ் வேண்டும். இரண்டுக்கும் அவர் மனுப் போட்டதில்லை.

"அது பெரிய விஷயமில்ல தம்பி. முதல்ல தோட்டா முடிவாகணும். அப்புறம்தான் துப்பாக்கி."

பெண் அமையாமல் மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவார்களா என்கிற தோரணை.

தே தாரெக் வந்ததும் மேசை ஆப்பிரிக்கா ஆகிவிடும். கடைக்கார அக்காவின் டார்ச்லைட்டைக் கேட்காமலே கழற்றி, உள்ளிருக்கும் இரண்டு சின்ன பேட்டரிகளையும் நிமிர்த்தி வைப்பார். "இது .416 ரிக்பி. 1911-ல வந்தது. அடிப்பக்கம் இதே பருமன், உயரம் மட்டும் கிட்டத்தட்ட இன்னொரு மடங்கு சேர்த்துக்க. குண்டு 410 கிரெய்ன், அதாவது மூணு பவுனுக்கு மேல!" நகைக்கடையில்கூட இவ்வளவு பயபக்தியோடு யாரும் பவுனை உச்சரித்து நான் கேட்டதில்லை. "இது 1912-ல வந்த .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட்." அதே பேட்டரிதான். நாம்தான் இளைத்ததாக நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஜிம் கார்பெட்டிடமும் அவருக்கு வருத்தம் உண்டு. 1926-ல் ருத்ரபிரயாகைச் சிறுத்தையைக் கார்பெட் வீழ்த்தியது .275 ரிக்பியால். "கொஞ்சம் பெரிசா எடுத்திருந்தா அத்தனை ராத்திரி கண்ணு முழிச்சிருக்க வேணாம்." கென்னத் ஆண்டர்சனின் .405 வின்செஸ்டர் பரவாயில்லையாம், பாஸ் மார்க் உண்டு. ஒருநாள் நான் சும்மா இருக்காமல், ஆப்பிரிக்காவில் ஆயிரம் யானைக்கு மேல் சுட்ட பெல் துரை பெரும்பாலும் கைக்கொண்டது அதே .275 சைஸ்தானே, குண்டின் கனத்தைவிட அது எங்கே பட்டது என்பதல்லவா முக்கியம் என்று கேட்டுவிட்டேன். அங்கிள் இரண்டு மடக்கு குடித்தார்.

"அந்தக் காலத்து யானைக்குத் தோல் மெல்லிசு."

பக்கத்து மேசையில் ஓய்வுபெற்ற மண்டோர் ஒருவர் ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டிருந்தார். லைசன்ஸோடு நிஜமாகவே பன்றி சுட்டவர். வைத்திருந்தது பன்னிரண்டு போர் ஷாட்கன். அந்தப் பன்னிரண்டு மில்லிமீட்டர் கணக்கல்ல. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாக உருட்டினால், அதில் ஒன்று குழாய்க்குள் கச்சிதமாக இறங்கும். இதைக்கூட அங்கிள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். மண்டோர் ஐயாவுக்கு அந்தக் கதை தெரியுமோ என்னவோ.

"நீங்க என்ன தோட்டா போடுவீங்க ஐயா?"

"எஸ்ஜி."

"ஏன் அதை?"

"கடையில அதான் இருந்துச்சு." ரொட்டியைப் பருப்புக் குழம்பில் தோய்த்தார்.

அங்கிள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். படிக்காத மனுஷன், நாம என்ன செய்வது என்று அதற்குப் பொருள்.

அப்போதுதான் கடைக்குப் பின்னால் குப்பைத் தொட்டி தடாலென்று விழுந்தது. உறுமல்.

"பன்னி! டார்ச் எங்கே?" அக்கா ஓடி வந்தார்.

டார்ச் வெறுங்கூடாகக் கிடந்தது. .416 ரிக்பி மேசை மேல் நின்றது. .375 உருண்டுபோய் ஐஸ்பெட்டிக்கு அடியில் பதுங்கியிருந்தது. அக்கா அங்கிளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இருட்டில் நின்றபடியே குண்டான் மூடியைக் கரண்டியால் வெளுத்து வாங்கினார். காய்ந்த மட்டைகள் நொறுங்கும் சத்தம் செம்பனைக்குள் தூரமாகப் போய் அடங்கியது.

அங்கிள் எழுந்திருக்கவில்லை. கண்ணை மூடிக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்.

"எழுபது கிலோதான் தேறும். .270 போதும்."