‘டிபென்டன்ட்’ என்னும் அடைமொழியின் தொங்கல் நிலை: ஓர் ஆய்வு

‘டிபென்டன்ட்’ என்ற ஆங்கில அடைமொழியின் இலத்தீன் வேருக்குக் கீழே தொங்குதல் என்று பொருள். கடிகாரத்துப் பெண்டுலம், கழுத்துச் சங்கிலியின் பெண்டன்ட், மேசையில் பெண்டிங்கில் கிடக்கும் கோப்பு எல்லாம் இதன் பங்காளிகள். கோப்புதான் நெருங்கிய உறவு என்பது இவ்வாய்வாளரின் துணிபு.

பிரிட்டிஷ் வழக்கில் சார்பு நிலையைச் சொன்னால் ஈற்றசையில் ‘இ’, சார்ந்திருக்கும் ஆளைச் சொன்னால் ‘ஏ’. அமெரிக்கர்கள் இரண்டுக்கும் ‘இ’ போட்டு வேலையை முடித்துவிட்டார்கள்.

வேற்றுமைச் சிக்கல்தான் சுவையானது. சார்ந்திருப்பவர் ‘ஆன்’ என்ற உருபைப் பிடித்துத் தொங்குகிறார், அது நியாயம். முன்னே ‘இன்’ சேர்த்து விடுதலை பெற்றவராவது தனியே நிற்பாரா என்றால், யாரைச் சாராதவர் என்று சொல்ல அவருக்கும் ‘ஆஃப்’ தேவைப்படுகிறது. நம்மவர்கள் அங்கேயும் ‘ஆன்’ போடுவதுண்டு. ஒட்டிக்கொண்டே வளர்ந்த கை, சட்டென்று விடாது.

இனிக் கள ஆய்வு. மத்திய அரசு ஊழியர் சுகாதாரத் திட்டத்தில் பெற்றோர் ‘டிபென்டன்ட்’ ஆக வேண்டுமானால், பென்ஷன் உட்பட அவர்களின் எல்லா வருமானமும் மாதம் 9,000 ரூபாய், அதற்குரிய அகவிலைப்படி ஆகிய இரண்டின் கூட்டுத்தொகைக்குள் அடங்க வேண்டும். அகவிலைப்படியோ ஜனவரியிலும் ஜூலையிலும் திருத்தப்படுவது. நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணைப் பார்த்து நிர்ணயிக்கப்படுவது. அந்தக் குறியீட்டெண்ணுக்குள் வெங்காயமும் உண்டு. ஆக, அப்பா மகனைச் சார்ந்தவரா என்பது மகனைப் பொறுத்ததல்ல, அப்பாவையும் பொறுத்ததல்ல. ஓரளவுக்கு வெங்காயத்தைப் பொறுத்தது. ஒரு சொல்லின் பொருளே இவ்வளவு டிபென்டன்டாக இருப்பதை அகராதிக்காரர்கள் எவரும் குறித்ததாகத் தெரியவில்லை. அவர்கள் காய்கறி வாங்கப் போவதில்லை போலும்.

பிள்ளைகளுக்கு வேறு கணக்கு. மகளுக்கு வயது வரம்பு கிடையாது. வேலையோ கல்யாணமோ வரும்வரை செல்லும். மகனுக்கோ வேலை, கல்யாணம், 25 வயது இவற்றில் எது முந்துகிறதோ அதோடு அடைமொழி கழன்றுவிடும். மாற்றுத்திறனாளி மகனுக்கு மட்டும் விலக்கு உண்டு. மற்றவர்கள் 25 வயது நிறைந்த நாளிலிருந்து யாரையும் சாராதவர்கள் என்பது விதியின் முடிவு. அன்று காலையும் பையன் அப்பாவின் பைக்கைத்தான் எடுப்பான். பெட்ரோலுக்கு ஜிபே பண்ணச் சொல்லி பங்க்கில் நின்றபடி அவருக்கே போன் போடுவான்.