எப்சிலானும் என் பெரியப்பாவும்

பள்ளிக்கூடத்தில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கும் பிள்ளைக்கு நேரக்கூடிய ஆபத்துகளில் தலையாயது, அவன் மேற்கொண்டும் கணிதமே படிக்க வேண்டுமென்று உற்றாரும் உபாத்தியாயர்களும் ஒருமனதாகத் தீர்மானித்துவிடுவதுதான். அப்படிப்பட்ட தீர்மானத்தின் பலனாக ஆனர்ஸ் வகுப்பின் முதல் வருஷ பெஞ்சியில் கொண்டுபோய் உட்கார்த்தப்பட்டவர்களில் நானும் ஒருவன். எவ்வளவு கரடுமுரடான கோவையைக் கொடுத்தாலும், கைவசமிருந்த இரண்டொரு தந்திரங்களைப் பிரயோகித்து அதைத் தொகையிட்டு மடக்கிவிடலாம் என்ற தைரியத்தோடு போனேன். ஆனால் பகுப்பாய்வு என்ற பெயரால் நடந்த அந்த வகுப்பில் எங்களை யாரும் கணக்குப் போடச் சொல்லவே இல்லை. எங்களுக்குத் தெரிந்த கணக்கெல்லாம் உண்மைதான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று மட்டும் கேட்டார்கள்.

தொடக்கமாக, எட்மண்ட் லாண்டாவ் என்னும் ஜெர்மானியர் 1930-இல் எழுதிய சிறு நூலொன்றின் ஆங்கில மொழிபெயர்ப்பைப் பேராசிரியர் சிபாரிசு செய்தார். உயர்நிலைப் பள்ளிக் கணிதம்கூட வாசகனுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்று ஆசிரியரே முகவுரையில் அபயமளித்திருந்தபடியால், நூலகத்தில் அதற்குப் பெரிய போட்டி. பீயானோவின் ஐந்து அடிகோள்களிலிருந்து புறப்பட்டு, இடையில் ஒரு கதையோ ஒரு படமோ ஒரு மூச்சு இளைப்பாறலோ இன்றி, 301 தேற்றங்களைக் கடந்து சிக்கலெண்களில் போய் நிற்கிற அந்தப் புத்தகத்தில், இரண்டு எண்களை முன்பின்னாக மாற்றிக் கூட்டினாலும் தொகை மாறாது என்பது ஆறாவது தேற்றம். அதைப் படித்தபோது ஹாஸ்டலில் எழுந்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. மெஸ் பில்லை மேலிருந்து கூட்டினாலும் கீழிருந்து கூட்டினாலும் ஒரே தொகைதான் வருகிறது என்பதை மாதந்தோறும் துக்கத்துடன் சரிபார்த்தவர்கள் நாங்கள். அதற்கு ஒரு ஜெர்மானியரின் சாட்சியம் எதற்கு?

எங்கள் பேராசிரியர் மெலிந்தவர், மெல்லப் பேசுபவர். சுண்ணக்கட்டியைக் கையிலெடுத்ததும் ‘எப்சிலான் பூஜ்யத்தைவிடப் பெரியது என்க’ என்று எழுதாமல் அவர் எந்தப் பாடத்தையும் ஆரம்பித்ததாக எனக்கு நினைவில்லை. ஒருநாள் கரும்பலகையிலிருந்த வளைகோட்டைக் காட்டி என்னை எழுப்பினார்.

“மிஸ்டர், இந்தச் சார்பு இந்தப் புள்ளியில் தொடர்ச்சியுள்ளதா?”

“ஆம், ஸார். காகிதத்தை விட்டுப் பேனாவை எடுக்காமலே வரைந்துவிடலாம்.”

“பேனா கிடக்கட்டும். எப்சிலான் எங்கே?”

முறை இதுதான். நம் வார்த்தையில் லவலேசமும் நம்பிக்கையில்லாத ஒருவர் எதிரே உட்கார்ந்திருப்பதாகப் பாவித்துக்கொள்ள வேண்டும். சார்பின் மதிப்பு இந்த அளவுக்கு மேல் பிசகக்கூடாது என்று அவர் ஓர் எப்சிலானை நீட்டுவார். அப்படியானால் புள்ளியிலிருந்து இவ்வளவு தூரத்துக்குள் நில்லும் என்று நாம் ஒரு டெல்டாவைக் கொடுத்து அவர் வாயை அடைக்க வேண்டும். அடைத்த மறுகணமே அதைவிடச் சிறிய எப்சிலானோடு திரும்பி வருவார். அவர் இனி எத்தனை சிறிய எப்சிலானோடு வந்தாலும் அதற்கேற்ற டெல்டா இன்னது என்று ஒரு விதியை முன்கூட்டியே எழுதிக் கொடுத்தாலன்றி அவர் வாசலைவிட்டு நகரமாட்டார். கடன்காரர்களோடு பழகிய மாணவர்கள் இந்தப் பாடத்தை மற்றவர்களைவிடச் சீக்கிரத்தில் கிரகித்துக்கொண்டார்கள்.

இந்த அவநம்பிக்கைக்கு ஒரு பூர்வகதை உண்டு. நியூட்டன், லைப்னிட்ஸ் காலத்து நுண்கணிதத்தில், பூஜ்யமல்ல என்று சொல்லி ஒரு நுண்ணிய அளவால் வகுத்துவிட்டு, வகுத்து முடித்ததும் அதையே பூஜ்யமென்று தள்ளிவிடுவது வழக்கமாயிருந்தது. இதைச் சகித்துக்கொள்கிறவர்களுக்கு மதத்தின் மர்மங்களைக் குறைகூற என்ன யோக்கியதை இருக்கிறது என்று பிஷப் பெர்க்லி 1734-இல் ஒரு புத்தகமே எழுதி மானத்தை வாங்கினார். அந்த மானத்தை மீட்கப் பாரிஸில் கோஷி 1821-இல் ஒரு பாடப்புத்தகம் வெளியிட்டார். மிச்சத்தைப் பெர்லினில் வயர்ஸ்ட்ராஸ் பூர்த்தி செய்தார். பிஷப்புக்கும் இவர்களுக்கும் நடந்த வழக்கின் செலவுத்தொகையைத்தான் இன்றுவரை முதல் வருஷ மாணவர்கள் செலுத்திவருகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

வயர்ஸ்ட்ராஸின் சரித்திரத்தை எங்களுக்கு யாரும் முன்பே சொல்லியிருக்கக்கூடாது. தந்தையாரின் விருப்பப்படி சட்டமும் நிதி நிர்வாகமும் பயில்வதற்காகப் பான் சர்வகலாசாலைக்குப் போனவர், நான்கு வருஷங்களை வாள்வீச்சிலும் பீரிலும் கழித்துவிட்டுப் பட்டமில்லாமல் வீடு திரும்பினார். பிறகு சிற்றூர்ப் பள்ளிகளில் கணிதத்தோடு தேகப்பயிற்சியும் கையெழுத்தும் கற்பித்து வந்தார். இச்செய்தி பரவியதும் ஹாஸ்டலில் புத்தகத்தைத் திறவாதவர்களின் முகத்தில் உண்டான தேஜஸை வர்ணிக்க இயலாது. ஆனால் அதே மனிதர்தான் 1872-இல், எங்கும் தொடர்ச்சியுள்ளதாயினும் எந்த ஒரு புள்ளியிலும் தொடுகோடு வரைய இடந்தராத ஒரு சார்பைப் பெர்லின் அகாடமியின் முன் வைத்தார். அதை எந்தப் பேனாவைக் கொண்டும் வரைய முடியாது. என் பேனாவைக் கிடக்கட்டும் என்று பேராசிரியர் சொன்னதன் தாத்பரியம் அன்றுதான் விளங்கிற்று.

பொல்சானோ இன்னொருவர். கோட்டுக்குக் கீழே தொடங்கி மேலே போய்ச்சேரும் தொடர்ச்சியான வளைகோடு நடுவில் எங்கேயாவது கோட்டை வெட்டியே தீரும் என்பதை 1817-இல் நிரூபிக்க உட்கார்ந்த பாதிரியார் அவர். இரண்டு வருஷத்துக்குள் பிராக் சர்வகலாசாலையிலிருந்து அவரை நீக்கிவிட்டார்கள் என்று படித்தபோது, நீதி அடியோடு செத்துவிடவில்லை என்று ஆறுதலடைந்தேன். மேலே படித்ததில், நீக்கியது யுத்தத்தையும் சமூகத்தையும் பற்றி அவர் சொன்ன நல்ல கருத்துகளுக்காகத்தான் என்றிருந்தது. தேற்றத்தைப் பற்றி யாரும் புகார் செய்யவில்லை.

நம்மூர்க்காரர் ஒருவராவது துணைக்கு இருக்கிறாரே என்று ராமானுஜனை நினைத்துத் தேறுவதற்கும் வழியில்லை. கும்பகோணத்தில் அவர் பயின்ற கார் என்பவரின் புத்தகம், சில ஆயிரம் முடிவுகளைப் பெரும்பாலும் நிரூபணமின்றி அடுக்கிவைத்தது. ஆஹா, அதுவல்லவா புத்தகம்! ஆனால் 1913-இல் அவர் கடிதம் கண்டு வியந்து, நிரூபணங்களை அனுப்பும் என்று கேட்ட ஹார்டிதான், எங்களுக்குப் பாடமாக வைத்திருந்த 1908-ஆம் வருஷத்துப் புத்தகத்தையும் எழுதியவர். நாமகிரித் தாயாரின் அருளால் முடிவுகள் தோன்றிய மனிதரையே விடாதவர் எங்களை விடுவாரா? எங்களுக்குத் தாயார் முடிவைக்கூடக் காட்டவில்லை.

விடுமுறையில் ஊருக்குப் போனபோது, “அங்கே அப்படி என்னதான்டா சொல்லிக்கொடுக்கிறார்கள்?” என்றார் பெரியப்பா. நெல் மண்டியில் நெடுங்காலம் கணக்கெழுதியவர். எண்சுவடி முழுவதும் மனப்பாடம். முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு, கீழ்முந்திரி என்பது 1,02,400-இல் ஒரு பங்கு என்று தூக்கத்திலும் சொல்வார். எனக்குத் தெரிந்த மட்டில் எப்சிலானை விளக்கினேன்.

“கீழ்முந்திரியைவிடச் சிறியதோ?”

“அதைவிடச் சிறியதாகவும் கேட்பார்கள், பெரியப்பா.”

“எதில் வைத்து அளப்பார்கள்?”

“அளப்பதில்லை. இருக்கிறது என்று வைத்துக்கொள்வார்கள்.”

“சரி, அளக்காத சரக்கு. மேலே சொல்லு.”

மேலே சொல்லாமலிருந்திருக்கலாம். ஆனால் அந்தப் பருவத்தில் நடந்த பாடங்களிலேயே என்னை உலுக்கிய ஒன்றைச் சொல்லாமல் அடக்கிவைக்க முடியவில்லை. ஒன்றிலிருந்து அரையைக் கழித்து, மூன்றிலொன்றைக் கூட்டி, காலைக் கழித்து, ஐந்திலொன்றைக் கூட்டி, இவ்விதமே முடிவில்லாமல் போய்க்கொண்டிருந்தால் தொகை 0.693 என்ற அளவுக்குச் சமீபமாக வந்து நிற்கும். அதே எண்களை, ஒன்றை விடாமலும் புதிதாக ஒன்றைச் சேர்க்காமலும், ஒரு கூட்டலுக்கு இரண்டு கழித்தல் என்ற வரிசையில் மாற்றி எழுதினால் தொகை சரிபாதியாகிவிடும். பாதிதான் என்றில்லை, இப்படிப்பட்ட தொடரை வரிசை மாற்றி, நாம் ஆசைப்படும் எந்தத் தொகையையும் வரவழைக்கலாம் என்று ரீமான் 1854-இல் காட்டிவிட்டார். ஆறாவது தேற்றத்தைப் பார்த்துச் சிரித்த ஹாஸ்டல் முழுவதும் இதைக் கேட்டு மௌனமாகிவிட்டது. அநந்தமான சரக்கில் வரிசை மாறினால் தொகை மாறுமென்றால், மாறாது என்பதை ஓரிடத்தில் ஒருவர் நிரூபித்து வைத்தது நியாயந்தானே.

பெரியப்பா வெற்றிலையை மென்றபடி வெகுநேரம் யோசித்தார். “வரிசையை மாற்றி எழுதித் தொகையைப் பாதியாக்கினவனுக்கு எங்கள் நாளில் விலங்கு மாட்டினார்கள்” என்றார், “உங்களுக்குப் பட்டம் கொடுக்கப் போகிறார்களாக்கும்.”

மறுநாள் பரணிலிருந்து பழைய பேரேடு ஒன்றை இறக்கி, கடைசிப் பக்கத்தைக் கீழிருந்து மேலாகக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சரியாகவே இருந்தது. வாசகர்களும் கலவரப்பட வேண்டியதில்லை. இந்த விபரீதம் முடிவில்லாத தொடர்களில் மட்டுமே, அவற்றிலும் கூட்டலும் கழித்தலும் கலந்த சில தொடர்களில் மட்டுமே நிகழும். மளிகைக் கடைச் சீட்டு எவ்வளவு நீளமாயிருந்தாலும் முடிவுள்ளது, அதில் கழித்தலும் கிடையாது. எந்த வரிசையில் கூட்டினாலும் கடைக்காரர் கேட்ட தொகையையே கொடுத்தாக வேண்டும்.