புல்தரைப் பள்ளங்கள்: வகையும் வைத்தியமும்

புல்தரைப் பள்ளம் எனப்படுவது, மழை விட்ட பிறகும் தண்ணீரை விடாத நிலப்பகுதி. வீட்டுக்காரர் கண்ணுக்கு அது பெரும்பாலும் தென்படுவதில்லை. விருந்தாளிக்குப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலி ஒரு காலில் நொண்டி, டபராவில் இருந்த காபி பட்டுப்புடவைக்கு இடம்பெயரும்போதுதான் அதன் இருப்பு ஐயமற நிறுவப்படுகிறது. துல்லியம் வேண்டுவோர் கொத்தனாரின் மட்டப்பலகையைத் தரையில் கிடத்தி, அடியில் தெரியும் இடைவெளியை அளக்கலாம்.

காரணங்கள் பல. வீடு கட்டும்போது கொட்டிய மண்ணைத் திமிசு போடாமல் விட்டால் பின்னாளில் அமுங்கும். வெட்டிய மரத்தின் அடிக்கட்டை மக்கினால் மேல்மண் உள்வாங்கும். பெருச்சாளியின் பங்களிப்பும் குறைத்து மதிப்பிடத் தக்கதன்று. குழாய்க் கசிவு மட்டும் தனி வகை. அங்கே முதலில் பிளம்பர், பிறகே தோட்டக்காரர்.

வைத்தியத்தில் இரு மரபுகள் உண்டு. கொட்டல் மரபினர் இரண்டு சட்டி மண்ணை ஒரே மூச்சில் கவிழ்த்து, மாலைக்குள் மட்டம் கண்டு மகிழ்வர். அடியில் அகப்பட்ட புல், வெளிச்சமின்றி உணவு தயாரிக்க வழியில்லாமல் மடியும். தூவல் மரபினர் ஒரு முறைக்கு அரை அங்குலத்துக்கு மேல் போடுவதில்லை. புல்நுனி வெளியே தெரிந்தாக வேண்டும் என்பது அவர்களின் மூல விதி. 19ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் கோல்ஃப் திடலைப் பராமரித்து, புல்மீது மணல் தூவுவதில் பெயர்பெற்ற டாம் மோரிஸை இம்மரபின் மூதாதையாகக் கொள்ளலாம்.

தூவல் மரபுக்கு வாய்த்த புல் அருகம்புல். மண்ணுக்கு மேலும் உள்ளும் தண்டோட்டி, கணுவுக்குக் கணு வேர்விட்டு, போட்ட மண்ணைத் துளைத்து வெளிவரும். பிள்ளையாருக்கு உரியது என்பதாலோ என்னவோ, அது விக்கினங்களைப் பொருட்படுத்துவதில்லை. கொரியப் புல் நிதானப் பேர்வழி. அதற்குத் தூவலின் கனம் இன்னும் குறைய வேண்டும்.

முதலில் புல்லை ஒட்ட வெட்டி, வெட்டியதை வாரிவிட வேண்டும். சலித்த ஆற்று மணல் இரண்டு பங்கு, தோட்டத்து மண் ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழு உரம் ஒரு பங்கு எனக் கலப்பது வழக்கம். கடல் மணலின் உப்பு புல்லுக்கு ஆகாது. கலவை உலர்ந்திருந்தால்தான் இலைகளுக்கிடையே இறங்கும்; ஈர்க்கு விளக்குமாற்றால் குறுக்கும் நெடுக்கும் பெருக்கினால் நுனிகள் தலைதூக்கும். பிறகு பூவாளியால் தண்ணீர். புல் மேலெழுந்து மூடும்வரை அடுத்த தூவலுக்குக் கை வைக்கக் கூடாது. இதற்குச் சில வாரங்கள் ஆகும். கொட்டல் மரபுக்கு ஆள் சேர்வது இந்த வாரங்களில்தான். தமிழ்நாட்டில் ஆடி, ஆவணியில் தொடங்கினால், ஐப்பசி அடைமழை கலவையை அரித்துப் போவதற்குள் புல் பிடித்துக்கொள்ளும்.

இரண்டு அங்குலத்துக்கு மேற்பட்ட ஆழத்துக்குத் தூவல் எட்டாது. அங்கே புல்லை மூன்று பக்கம் வெட்டி, வேரும் மண்ணுமாகப் பாயைப் போலச் சுருட்டி, அடியில் மண் நிரப்பி மிதித்து, மறுபடி விரிக்க வேண்டும். மண் அமுங்கும் என்பதால் சற்று மேடாகவே விடுவது முறை. வேர் பிடிக்கும்வரை தினமும் தண்ணீர் தேவை.

ரசமட்டக் குமிழி நடுவில் நிற்கும் அளவுக்கு மட்டம் தேடுவது மிகை. சுவரிலிருந்து வெளிப்புறமாக 10 அடிக்கு 2 அங்குலமாவது சரிவு இல்லையேல், பள்ளத்தில் நின்ற தண்ணீர் அஸ்திவாரத்தில் நிற்கும்.