மப்ளருக்கு அப்பால்

பல ஆண்டுகளுக்கு முன் கைவிட்ட கைப்பின்னலுக்கு மீண்டும் திரும்புவோர், வயது, ஊர், வருமானம் ஆகிய வேறுபாடுகள் ஏதுமின்றி, முதல் வேலையாக ஒரு மப்ளரையே தொடங்குகின்றனர். மப்ளர் என்பது வளைவோ திருப்பமோ இல்லாத, எந்த இடத்தில் சலிப்பு ஏற்பட்டாலும் அந்த இடத்திலேயே முடிந்துவிட்டதாக அறிவித்துவிடக்கூடிய ஒரு நீண்ட துண்டு. சென்னையிலோ மதுரையிலோ அதற்கான தேவை மார்கழி விடியற்காலையில் பால் வாங்கச் செல்லும் பெரியவர்களுக்கு மட்டுமே எழுகிறது. அவர்களிடமும் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. ஆயினும் உறவினர் அனைவருக்கும் வரிசையாக மப்ளர் வழங்கப்படுகிறது. பெறுபவர் இவ்வளவு பொறுமையா என்று வியந்து, அதனை உடனடியாகப் பீரோவின் அடித்தட்டில் பத்திரப்படுத்திவிடுகிறார்.

இந்த மப்ளர் மோகத்திற்குக் காரணம் கைகளின் நினைவாற்றலே எனலாம். ஊசியில் நிற்கும் ஒவ்வொரு நூல்வளையமும் கண்ணி எனப்படும். நூலைப் பின்னால் வைத்துக்கொண்டு ஊசியைக் கண்ணிக்குள் முன்னிருந்து செலுத்திப் புதிய வளையத்தை இழுத்தெடுப்பது நிட் என்றும், நூலை முன்னால் கொண்டுவந்து எதிர்த்திசையில் அதையே செய்வது பர்ல் என்றும் வழங்கும். பின்னற்கலை முழுவதும் இவ்விரண்டின் விளையாட்டே. அதிலும் நிட்டைத் துணியின் மறுபக்கத்திலிருந்து பார்த்தால் பர்லாகவே தெரியும் என்பதால், உண்மையில் கற்கவேண்டியது ஒன்றேதான் என்று வாதிடவும் இடமுண்டு. பயிற்சி வகுப்பு நடத்துவோர் இதனை உரக்கச் சொல்வதில்லை. எல்லா வரிசைகளையும் நிட்டாகவே பின்னினால் மப்ளர் கிடைத்துவிடுகிறது. கைகள் மறவாமல் வைத்திருப்பதும் இந்த ஒன்றையே ஆதலால், ஆறடி பின்னிய பிறகும் பின்னுபவரின் திறமை முதல் அங்குலத்தில் இருந்த இடத்திலேயே அமைதியாக அமர்ந்திருக்கிறது.

திறமையை விரிக்க எண்ணுவோர் மீது வீட்டார் தொடுக்கும் முதல் ஆட்சேபம், இது குளிர்நாட்டார் கலை, இந்த வெயிலில் எதற்கு என்பதாகும். இந்த ஆட்சேபத்தை எழுப்பும் குடும்பத் தலைவர் பெரும்பாலும் பனியன் அணிந்தபடியே அதனை எழுப்புகிறார் என்பது கவனிக்கத்தக்கது. அப்பனியனின் ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்து உற்றுப் பார்த்தால், வெளிப்பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சிறுசிறு கூர்முனைகளும், உட்பக்கத்தில் குறுக்கே ஓடும் பிறைவடிவ மேடுகளும் புலப்படும். முன்னது நிட், பின்னது பர்ல். திருப்பூரின் நிட்டிங் கம்பெனிகளில் இரவுபகலாகச் சுழலும் வட்ட இயந்திரங்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊசிகளைக்கொண்டு செய்வதும் இதே கண்ணியைத்தான். அவ்வியந்திரங்களுக்கு மூதாதையான பின்னற்பொறியை 1589ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வில்லியம் லீ உருவாக்கியது காலுறை பின்னுவதற்காகவே. அதற்கும் முந்தைய காலத்தைத் தேடினால், இன்று கிடைத்துள்ள மிகப் பழைய ஊசிப்பின்னல்களுள் எகிப்தில் கண்டெடுக்கப்பட்ட, நீலமும் வெள்ளையும் கலந்த பருத்திக் காலுறைகள் முன்னிற்கின்றன. எகிப்து குளிர்நாடு அன்று. பருத்தி ஆட்டின்மேல் விளைவதும் இல்லை. ஆக, இக்கலையின் வரலாற்றில் காலுறைக்கு உள்ள இடத்தில் நூற்றில் ஒரு பங்குகூட மப்ளருக்கு இல்லை.

காலுறையே திரும்பி வருவோர்க்கு உகந்த பாடநூல் என்று துணிந்து கூறலாம். அதன் மேல்வாயில் இரண்டு நிட், இரண்டு பர்ல் என மாறிமாறிப் பின்னும் ரிப் வருகிறது. நீட்சி குறைந்த பருத்தி நூலும் காலைப் பற்றி நிற்பது இதனால்தான். அடுத்து, இருமுனையும் கூரான நான்கைந்து குட்டை ஊசிகளில் வட்டமாகப் பின்னும் கட்டம். இதனைக் காணும் விருந்தினர் பேச்சைக் குறைத்துக்கொண்டு சற்றுத் தள்ளி அமர்வது வழக்கம். பின்னர் குதிகால். வட்டத்தில் 64 கண்ணிகள் இருப்பின் பாதியான 32ஐ மட்டும் முன்னும் பின்னுமாகப் பின்னி ஒரு சிறு பட்டையாக்கி, அதன்பின் வரிசையின் எல்லைவரை செல்லாமல் நடுவைச் சற்றுத் தாண்டியதும் இரண்டு கண்ணிகளை ஒன்றாகச் சேர்த்துத் திரும்பி, அடுத்த வரிசையிலும் அவ்வாறே செய்து, ஒவ்வொரு முறையும் ஒரு கண்ணி கூடுதலாக எட்டிச் செல்லவேண்டும். குறிப்பைப் படிக்கும்போது இது அச்சுப்பிழை என்றே தோன்றும். நம்பிச் செய்தால், அதுவரை தட்டையாக இருந்த துணி கையிலேயே குழிந்து கிண்ணமாகிவிடுகிறது. இவ்விடத்தில் வீட்டிலுள்ள அனைவரையும் அழைத்துக் காட்டவேண்டும் என்ற உந்துதல் எழும். சமையலறையில் இருப்பவரை மட்டும் விட்டுவிடுவது நலம்.

இதற்கெல்லாம் முன்னதாகச் செய்யவேண்டிய மாதிரித் துண்டைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனெனில் அதனை யாரும் செய்வதில்லை. பத்து சென்டிமீட்டர் அகலத்தில் எத்தனை கண்ணிகள் அடங்குகின்றன என்று பின்னி, நனைத்து, உலர்த்தி எண்ணுவதே மாதிரித் துண்டு. குறிப்பு 22 என்று சொல்ல, பின்னுபவரின் தளர்ந்த கையில் 20 மட்டுமே அடங்குமாயின், 200 கண்ணிகள் கொண்ட ஸ்வெட்டரின் சுற்றளவு 91 சென்டிமீட்டருக்குப் பதிலாக 100 ஆகிவிடும். மகனுக்குத் தொடங்கியவை கணவருக்கும், கணவருக்குத் தொடங்கியவை ஸ்கூட்டர் உறையாகவும் முடிவதன் பின்னணி இக்கணக்கே.

காலுறையின் விரல்முனையைத் தைப்பூசியால் கண்ணியோடு கண்ணி இணைத்து, மேடு தெரியாமல் மூடும் முறை, முதல் உலகப்போரில் பிரிட்டனின் போர் அமைச்சராயிருந்த கிச்சனர் பிரபுவின் பெயரால் வழங்குகிறது. படைவீரர்களின் விரலை உறுத்தலாகாது என்பதே அதன் நோக்கம் என்பர். பொறுமையைச் சோதிப்பதில் அது போர்க்களத்திற்குச் சற்றும் குறைந்ததன்று, தவறினால் பிரிக்கவேண்டியதுதான். எலிசபெத் ஸிம்மர்மன் என்ற புகழ்பெற்ற பின்னல் ஆசிரியை 1971இல் வெளியிட்ட நூலுக்குக் கண்ணீரில்லாப் பின்னல் என்று பொருள்படும் தலைப்பை இட்டார். கண்ணீர் பொதுவழக்காக இராவிடில் அத்தலைப்புக்குத் தேவையே எழுந்திராது. ஆனால் மரவேலையிலோ தையலிலோ வெட்டியது வெட்டியதுதான். பின்னலில் இழுத்தால் முழு நூலும் திரும்பக் கிடைக்கிறது, சற்றுச் சுருண்டிருக்கும், அவ்வளவே.

முதற்காலுறை முடிந்ததும் இரண்டாவதைத் தொடங்க மனம் வராமை உலகெங்கும் பின்னுவோர் அறிந்த நோய். நீண்ட வளைவூசி ஒன்றில், அதாவது இரு முனைகளையும் வளையும் கம்பி இணைக்கும் ஊசியில், இரண்டையும் ஒருசேரப் பின்னுவதே அதற்குரிய மருந்து. தொடங்க விரும்பும் வாசகர் பருத்தி நூலில், கைக்குழந்தைக்கான காலுறையைத் தேர்ந்துகொள்க. அதன் ஒரு ஜோடிக்கு 50 கிராம் நூற்கண்டு ஒன்று தாராளமாகப் போதும். ஆகவே கடையில் இரண்டாவது கண்டை வாங்குவதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை.